புண் ஆறிய பிறகும் வலி: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தையல் பிரித்தாயிற்று, தழும்பும் காய்ந்துவிட்டது. ஆனாலும் அக்குளில் எரிச்சல் நிற்கவில்லை. கையின் உள்பக்கம் மரத்துக் கிடக்கிறது. அதே இடத்தில் ரவிக்கைத் துணி உரசினால் தாங்க முடியவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிவதில்லை. வீட்டில் சொன்னால், "கத்தி வைத்த இடம், வலிக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அந்தப் பதில் சரியானது. மூன்று மாதம் கடந்த பிறகும் அதையே கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வலியோடு இருப்பவர்களுக்காகவும், அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோயையும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளையும் மனதில் வைத்து எழுதினாலும், நுரையீரல், கழுத்து, வயிறு என்று வேறு இடங்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வருகிறது. வலியை வெளியே சொல்ல அவர்கள் இன்னும் அதிகம் கூச்சப்படுகிறார்கள்.

வலி எங்கிருந்து வருகிறது

மார்பகத்தை முழுவதும் எடுத்தாலும், கட்டியை மட்டும் எடுத்தாலும், பெரும்பாலும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இரண்டாவது விலா எலும்புக்குக் கீழிருந்து கிளம்பி, அக்குளைக் கடந்து, மேல்கையின் உள்பக்கத் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது. இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு என்று அதற்குப் பெயர். முடிச்சுகளை எடுக்கும்போது அது இழுபடலாம், நசுங்கலாம், சில வேளைகளில் வெட்டுப்படவும் செய்யும். மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று இதற்குப் பொருளில்லை. அடிபட்ட நரம்பு, காயம் ஆறிய பிறகும் மூளைக்குத் தவறான செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலும், கரண்ட் அடிப்பது போன்ற சுளீரும், மரப்பும் இதனால்தான் வருகின்றன.

எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பலருக்கு ஆறுதலாக இருக்கும். டென்மார்க்கில் 2005, 2006 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களிடம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, பதிலளித்த 3,253 பேரில் 47 சதவீதத்தினர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 13 சதவீதத்தினருக்கு அது கடுமையான வலி. 2009-ல் வெளிவந்த ஆய்வு இது. உங்களுக்கு மட்டும் வந்த வலி இல்லை, கற்பனையும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள். இளம் வயதினர், அக்குளில் அதிக முடிச்சுகள் எடுக்கப்பட்டவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள், அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களிலேயே கடும் வலி இருந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்.

நரம்பு மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிப்போகும். கதிர்வீச்சு பட்ட தசை வருடக்கணக்கில் மெல்ல விறைக்கும். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறுபோல ஒரு இழை புடைத்து, கையை உயர்த்தினால் இழுத்துப் பிடிப்பதைச் சிலர் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தோன்றி, சரியான பயிற்சியால் தளர்ந்துவிடும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் மூட்டுகளில் வலியைக் கொண்டுவரும். பேக்லிடாக்செல் என்னும் கீமோ மருந்து விரல் நுனிகளிலும் பாதத்திலும் மரப்பையும் குத்தலையும் விட்டுப்போகலாம். எடுத்துவிட்ட மார்பகத்திலேயே வலிப்பதாகவும் அரிப்பதாகவும் உணர்கிறவர்கள் உண்டு. புத்தி பேதலித்துவிட்டதாக நினைப்பார்களோ என்று அதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம் அது.

காரணங்களை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. 'வலிக்கு ஒரு மாத்திரை' என்று பொதுவாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் பலன் கிடைக்காமல் போவது அதனால்தான்.

முதலில், அவசரமா என்று பாருங்கள்

கீழே சொல்லும் எதுவும் இருந்தால், இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பிறகு படிக்கலாம். தழும்பின் மீதோ அக்குளிலோ கழுத்தடியிலோ புதிதாகக் கட்டி தென்பட்டால், இதுவரை ஒரே அளவில் இருந்த வலி வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், முதுகெலும்பிலோ இடுப்பிலோ தொடையிலோ புதிய வலி வந்து படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பினால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அன்றைக்கே போக வேண்டியவை வேறு. கை சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தோலடித் தொற்று. முடிச்சுகள் எடுத்த கையில் வேகமாகப் பரவும். ஒரு கை திடீரென்று வீங்கி நிறம் மாறினால் இரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள். முதுகு வலியோடு கால் பலம் குறைவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது ஆகியவையும் சில மணி நேரத்தில் கவனிக்க வேண்டியவை.

இந்தப் பட்டியலைப் படித்ததும் மனம் பதறும். 'நோய் திரும்பிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ' என்ற அச்சத்தில்தான் பலர் வலியை மறைக்கிறார்கள்; மகள் பரீட்சை முடியட்டும், மகன் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருந்துகொண்டு, தொட்டால் கூடும் எரிச்சல் பெரும்பாலும் நரம்பு வலியாகவே இருக்கும். ஆனாலும் மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவையானால் ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் பாதிப் பாரம் அன்றே இறங்கிவிடும். நோய் திரும்பியிருந்தாலும் முன்னதாகத் தெரிவது உங்களுக்குத்தான் நல்லது.

வலியை எழுதிவையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய ஒரு வாரமாவது எழுதுங்கள்.

முதலில் இடம். ஒரு தாளில் உடம்பின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கோட்டுருவமாக வரைந்து, வலிக்கும் இடத்தைப் பேனாவால் நிழலிடுங்கள். மரத்த இடத்துக்கு வேறு நிறம். அடுத்து அளவு: வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் தாங்க முடியாது என்றால் 10. காலை, மாலை, இரவு மூன்று வேளையும் ஒரு எண் எழுதினால் போதும். எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதையும் ஓரிரு சொல்லில் எழுதுங்கள்.

அடுத்தது, வலி எப்படி இருக்கிறது என்பது. இங்கேதான் பலரும் 'வலிக்கிறது' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் புழங்கும் சொற்களையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். எரிச்சல், சுளீர் என்று கரண்ட் அடிப்பது, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, மரத்துப்போவது, மிளகாய் தேய்த்தது போன்ற காந்தல், துணி பட்டாலே கூசுவது ஆகியவை நரம்பைக் காட்டுகின்றன. கையைத் தூக்கினால் இழுத்துப் பிடிப்பதும், தோளில் உளைச்சலும் தசையையும் மூட்டையும் காட்டுகின்றன. கை கனத்துத் தொங்குவது, மாலையில் வளையல் இறுகுவது, ஒரு பக்க ரவிக்கைக் கை மட்டும் பிடிப்பாக இருப்பது நிணநீர் வீக்கத்தின், அதாவது முடிச்சுகள் எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்குவதன், தொடக்கமாக இருக்கலாம். ஆழத்தில் எலும்புக்குள் குடைவது போன்ற வலி என்றால் அதைத் தனியாக அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

நரம்பு வலியா என்று கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் உண்டு. எரிச்சல், வலிக்கும் குளிர்ச்சி, மின் அதிர்ச்சி, கூச்சம், குத்தல், மரப்பு, அரிப்பு ஆகிய ஏழையும் உங்களிடம் கேட்பார்கள். தொட்டும் லேசாகக் குத்தியும் வருடியும் பார்த்து மீதி மூன்றையும் தெரிந்துகொள்வார்கள். நான்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் நோட்டில் இந்தச் சொற்கள் இருந்தால் பாதி வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

கடைசியாக, வலியால் எது முடியவில்லை என்று எழுதுங்கள். தலை பின்ன முடியவில்லை, குடத்தை இடுப்பில் வைக்க முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை, இரவில் இரண்டு மணிக்கு மேல் தூக்கமில்லை. எண்களைவிட இந்த வரிகளுக்கு மருத்துவர்கள் அதிகம் செவிசாய்க்கிறார்கள். சிகிச்சை பலன் தருகிறதா என்று பிறகு அளந்து பார்ப்பதற்கும் இவைதான் உதவும்.

யாரிடம் போவது

தொடக்கம் உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த பிரிவு. அடையாறு புற்றுநோய் நிலையமோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோ, காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையோ, உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியோ, எங்கே செய்தீர்களோ அங்கேதான் உங்கள் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. நோய் திரும்பவில்லை என்பதை அவர்கள்தான் உறுதிப்படுத்த வேண்டும். அங்கே நேர்ந்த கசப்பால் திரும்பப் போக மனமில்லையென்றால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்து வலி நிவாரணப் பிரிவு. வலிக்கென்றே தனி மருத்துவர்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் மயக்க மருத்துவத் துறையின் கீழ் 'பெயின் கிளினிக்' என்ற பெயரில் குறிப்பிட்ட நாட்களில் நடக்கும். விசாரணைக் கவுன்டரில் தெரியாது என்று சொன்னால், மயக்க மருத்துவத் துறைக்கே போய்க் கேளுங்கள்.

மூன்றாவது இடத்தின் பெயரைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள்: நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது பேலியேட்டிவ் கேர். சாகக் கிடப்பவர்களை அனுப்பும் இடம் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. அது மிகவும் தவறான எண்ணம். அதனால் எத்தனையோ பேர் வேண்டாத வேதனையை அனுபவிக்கிறார்கள். வலியைக் குறைப்பதுதான் அந்தத் துறையின் முதல் வேலை. நோய் குணமாகி வேலைக்குப் போய்வருகிறவரும் அங்கே போகலாம். புற்றுநோய் வலியை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள். நின்று கேட்கும் பழக்கமும் அவர்களிடம் அதிகம்.

நடமாட முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னாலும் வழி பிறக்கும். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மருத்துவர் எதிரே உட்கார்ந்ததும்

கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் புரியும். அதனால் தயாராகப் போக வேண்டும். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், கீமோ, கதிர்வீச்சு விவரங்கள், கடைசியாக எடுத்த ஸ்கேன் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும், சித்த மருந்துகளும், பக்கத்து வீட்டார் தந்த சூரணமும் அதில் இருக்கட்டும். மறைக்க வேண்டாம். முன்பக்கம் திறக்கும் தளர்வான ரவிக்கை அணிந்து போனால் பரிசோதனை எளிது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் மருத்துவரையோ, ஒரு செவிலியர் உடனிருக்க வேண்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை.

"வலிக்குது டாக்டர்" என்று தொடங்காதீர்கள். இப்படித் தொடங்கலாம்: "எனக்கு அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வலது அக்குளிலும் கையின் உள்பக்கமும் எரிச்சல், துணி பட்டால் கூசுகிறது. பகலில் 4, இரவில் 7. நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை. பாராசிட்டமால் கேட்கவில்லை." இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம், எழுதிய தாளையே நீட்டலாம். உடன் வருபவர் பேசாமல் நோயாளியே பேசுவது நல்லது. விட்டுப்போனதை மட்டும் உடன் வந்தவர் எடுத்துச் சொல்லட்டும்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நரம்பு வலியா, தசை வலியா, வேறு ஏதாவதா? நோய் திரும்பவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இந்தச் சிகிச்சை பலன் தர எவ்வளவு நாள் ஆகும், தராவிட்டால் அடுத்து என்ன?

'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, போய் வாருங்கள்' என்று முடித்துவிட்டால் என்ன செய்வது? சண்டை போட வேண்டாம், எழுந்துவிடவும் வேண்டாம். "ரிப்போர்ட் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி ஐயா. ஆனால் வலி இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கடிதம் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மறுத்தால் அடுத்த முறை வேறு மருத்துவரிடம் சீட்டுப் போடுங்கள். புற்றுநோயிலிருந்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களிடம் வலியைப் பற்றி முறையிடுவது நன்றி மறந்த செயலோ என்று மருகுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றி வேறு, சிகிச்சை வேறு. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

மாத்திரைகள் பற்றி

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகேபலின், டுலாக்செடின் போன்றவற்றைத் தருவார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு யாராவது, "இது மனநோய்க்குத் தரும் மாத்திரை ஆயிற்றே, இது வலிப்பு மாத்திரை ஆயிற்றே" என்று சொல்லக்கூடும். இவை முதலில் அந்த நோய்களுக்கு வந்தவைதான். நரம்பின் தவறான செய்தியைத் தணிக்கும் குணமும் இவற்றுக்கு உண்டு என்பதால் வலிக்கும் தருகிறார்கள். உங்களுக்கு மனநோய் என்று யாரும் முடிவுகட்டவில்லை.

இவை பாராசிட்டமால் போல அரை மணி நேரத்தில் கேட்பவை இல்லை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். முதல் நாட்களில் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் வரலாம். பலருக்குப் போகப் போகக் குறையும். 'நான்கு நாள் போட்டேன், தூக்கம்தான் வந்தது, நிறுத்திவிட்டேன்' என்று சொல்பவர்கள் ஏராளம். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். அளவையோ வேளையையோ மாற்றினாலே சரியாகலாம். இவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இருதய நோய், கண்ணழுத்த நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் மாத்திரை உடம்புக்குப் பழகும்வரை ஓட்ட வேண்டாம்.

டாமாக்சிஃபென் என்னும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். டாமாக்சிஃபென் வேலை செய்ய வேண்டுமென்றால் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றிக் கொடுக்க வேண்டும். பராக்செடின், ஃப்ளுவாக்செடின் என்னும் மனச்சோர்வு மாத்திரைகள் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கின்றன. டுலாக்செடினும் ஓரளவு தடுக்கிறது. ஆகவே வலிக்கோ தூக்கத்துக்கோ எந்த மருத்துவர் எந்த மாத்திரை எழுதினாலும், "நான் டாமாக்சிஃபென் சாப்பிடுகிறேன், இது ஒத்துவருமா?" என்று கேட்டுவிடுங்கள். வலி மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் வேறு வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடையே செய்தியைக் கொண்டுபோவது உங்கள் கோப்புதான்.

மார்ஃபின் பற்றியும் கேட்கிறார்கள். புற்றுநோய் உடம்பில் பரவிக் கடும் வலி தரும்போது அது அருமருந்து. அதை மறுப்பதுதான் கொடுமை. ஆனால் நோய் குணமாகி நரம்பு வலி மட்டும் மிச்சமிருப்பவர்களுக்கு அது முதல் தேர்வு இல்லை. நிபுணர் எழுதினால், அவர் சொன்ன அளவில் சாப்பிடப் பயப்பட வேண்டாம்.

கை, தோள், தழும்பு

மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியைப் பிசியோதெரபி செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். சீட்டில் பிசியோதெரபி என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மேலேறுங்கள். இழுக்கும் இடத்தில் நின்று, மூச்சை விட்டு, இறங்குங்கள். எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் வாரங்கள் போகப் போகக் கோடு மேலே போவதைப் பார்க்கலாம். லேசாக இழுத்தால் பரவாயில்லை, கடுமையாக வலித்தால் நிறுத்துங்கள்.

புண் முழுதும் ஆறி, மருத்துவர் சம்மதித்த பிறகு, விரல் நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பைச் சுற்றிச் சிறு வட்டங்களாகத் தடவலாம். அடியில் ஒட்டிக்கொண்ட தோல் தளரும். துணி பட்டாலே கூசுகிறவர்கள் அந்த இடத்தைத் தொடாமலே ஒதுக்கிவைத்தால் கூச்சம் கூடத்தான் செய்யும். பழைய மென்பருத்தித் துணியால் வலியில்லாத இடத்தில் தொடங்கி, மெல்ல வலிக்கும் இடத்துக்கு வந்து, தினமும் சில நிமிடங்கள் வருடுங்கள். பழகியபின் சற்றே சொரசொரப்பான துண்டுக்கு மாறுங்கள்.

செய்யக் கூடாதவை சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வலி என்றதும் முதலில் வருவது ஒத்தடம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பை வைத்துத் தோல் வெந்து கொப்புளமாகும் வரை பலருக்குத் தெரிவதில்லை. முடிச்சுகள் எடுத்த கையில் அந்தப் புண் தொற்றாக மாறினால் பெரும் தொல்லை. ஆகவே மரத்த இடத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். தைலம் போட்டு அழுத்திப் பிடித்துவிடுவதும், நீவிவிடுவதும் அந்தக் கைக்கு ஆகாது. நிணநீர் வீக்கத்துக்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்யும் மென்மையான தடவல் வேறு.

ரவிக்கை தைப்பவரிடம் அந்தப் பக்கத்து அக்குள் சுற்றளவை ஒரு அங்குலம் தளர்த்தி, உள்தையல் தழும்பில் படாதபடி தைத்துத் தரச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுதும் உரசும் உரசலை அது நிறுத்திவிடும். செயற்கை மார்பகம் வைக்கிறவர்கள் கனமானது தோளை இழுத்தால் எடை குறைந்ததற்கு மாறலாம். தண்ணீர்க் குடத்தைச் சிறிய குடமாக்கி இரண்டு நடை எடுங்கள். கையை முழுவதும் சும்மா வைப்பதும் கூடாது. அதுவே தோளை இறுக்கிவிடும்.

இவையும் போதாதபோது

வலி மருத்துவர்களிடம் இன்னும் வழிகள் உண்டு. லிடோகெயின் ஒட்டுப் பட்டையைப் புண்ணில்லாத தோலில் பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவைப்பார்கள். தசையில் முடிச்சுப்போல வலிக்கும் புள்ளிகளில் ஊசி போடுவார்கள். ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே அந்த நரம்பின் அருகில் மரப்பு மருந்து செலுத்துவதும் உண்டு. சிலருக்கு மாதக்கணக்கில் பலன் நீடிக்கும், சிலருக்குச் சில நாட்களே. ஊசி போடுவதற்கு முன் எத்தனை முறை தேவைப்படும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனமும் வீடும்

தூக்கமில்லாத இரவு வலியைக் கூட்டும். கூடிய வலி தூக்கத்தைக் கெடுக்கும். அழுகை நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதையும் வலியைச் சொல்வதுபோலவே மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு: 'கட்டியை எடுத்தாயிற்று, இன்னும் என்ன?' என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். மாத்திரை வேளையை நினைவூட்டுங்கள், நோட்டில் எண் எழுத உதவுங்கள், மாவாட்டுவதையும் தண்ணீர் தூக்குவதையும் கொஞ்ச காலம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்கிடையே அந்த இடத்தைத் தொடலாமா கூடாதா என்ற தயக்கம் இருக்கும். எங்கே தொட்டால் வலிக்கும், எங்கே வலிக்காது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்வதுதான் வழி.

செலவு

அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் அங்கே இருப்பில் உள்ள மாத்திரைகளும் இலவசம். எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால், அதே வேலை செய்யும் வேறு மருந்து உண்டா என்று மருத்துவரிடமே திரும்பக் கேளுங்கள். வெளியே வாங்குவது அதற்குப் பிறகு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கி, டிக்கெட் எடுக்கும் கவுன்டரில் கொடுக்க வேண்டும். வேலூருக்கும் சென்னைக்கும் அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

சிகிச்சை தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி போய்க் காட்டுங்கள். வலி குறைந்திருந்தாலும் போங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 7 என்பது 0 ஆக வேண்டும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். 4 ஆகி, இரவு ஐந்து மணி நேரம் தூங்கி, தலை பின்னிக்கொள்ள முடிந்தால் மருத்துவர்கள் அதை நல்ல பலன் என்றே கொள்வார்கள். அந்த நிலை சில மாதங்கள் நிலைத்த பிறகு மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது பற்றிக் கேளுங்கள். குறைக்கும்போது வலி திரும்பினால், எந்த அளவில் திரும்பியது என்பதையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்.